எந்தக் கேலிபர்? குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘ரைபிள் ரேஞ்ச்’ என்றால் அடுக்குமாடி வீடுகள்தாம் நினைவுக்கு வரும். மலாயில் அந்த இடத்தின் பெயர் பாடாங் தெம்பாக், அதாவது சுடும் திடல். வீடுகள் கட்டப்படுவதற்கு முன் அங்கே துப்பாக்கி சுடும் திடல் இருந்ததால் வந்த பெயர் அது. என் அக்காள் குடும்பம் இருப்பது அங்கேதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றதைப் பார்த்த நாளிலிருந்து அக்காள் மகளுக்கு ஒரே ஆசை. சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, நானும் பிஸ்டல் சுடப் பழக வேண்டும். எந்தக் கேலிபர் நல்லது? 9 மில்லிமீட்டர்தான் துல்லியமானது என்று ஒருவர் காணொளியில் சொல்கிறார்.”

கோலாலம்பூரில் ஒரு சங்கத்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சுட்டுவருகிறேன். புதிதாக வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். கேலிபரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுப்பது போட்டியை. அந்தப் போட்டியின் விதிப்புத்தகம் கேலிபரைச் சொல்லிவிடும். விதி கொஞ்சம் இடம் விட்டிருந்தால், கையை மிகக் குறைவாக உதைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் சொல்லின் பொருள். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவே கேலிபர். குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அந்த வரிகளில் பதிந்து சுழன்றபடி குண்டு வெளியேறுகிறது. அமெரிக்க, ஆங்கிலேய வழக்கில் இந்த அளவை அங்குலத்தில் சொல்வார்கள். ஐரோப்பியர் மில்லிமீட்டரில் சொல்வார்கள். .22 என்பது 0.22 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் வரும். விதிப்புத்தகத்தில் 5.6 என்று இருப்பதும் சங்கத்தில் எல்லோரும் “டூ டூ” என்று சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் எல்லாப் பெயர்களும் இவ்வளவு நேர்மையானவை அல்ல. குண்டும் வெடிமருந்தும் உறையும் சேர்ந்ததே தோட்டா. .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் குண்டு உண்மையில் 9.07 மில்லிமீட்டர்தான். 0.38 அங்குலம் என்பது தோட்டா உறையின் வெளிவிட்டத்தை ஒட்டி வந்த பழைய பெயர். ஆகவே .38 குண்டும் 9 மில்லிமீட்டர் குண்டும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் தோட்டாக்கள் முற்றிலும் வேறு; ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றொன்றைப் போட முடியாது. .22 குடும்பத்திலும் இதே நிலை. ஷார்ட், லாங் ரைபிள், மேக்னம் என்று பல வகை உண்டு. போட்டிப் பிஸ்டல்களுக்கு உரியது .22 லாங் ரைபிள். பெயரில் ரைபிள் இருக்கிறதே என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டாம், பிஸ்டலுக்கும் அதுதான். கேலிபர் என்ற எண் விட்டத்தை மட்டுமே சொல்லும். குண்டின் எடை, வேகம், உறையின் நீளம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் ஒரு தோட்டாவை அடையாளம் காண வேண்டும்.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது?

உலக அளவில் இந்த விளையாட்டை நடத்துவது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு. ஒலிம்பிக், காமன்வெல்த், சீ விளையாட்டு எல்லாவற்றிலும் அதன் விதிகள்தாம். 2017 சீ விளையாட்டின் சுடும் போட்டிகள் நம் சுபாங் சுடுதளத்தில் நடந்தபோதும் அப்படியே.

10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 4.5 மில்லிமீட்டர். வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்று ஓர் ஈய ரவையைத் தள்ளுகிறது. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலுக்கும், ஆண்களுக்கான 25 மீட்டர் ரேப்பிட் ஃபயருக்கும் .22 லாங் ரைபிள். ஒலிம்பிக்கில் இன்று பிஸ்டல் சுடுபவர்கள் பயன்படுத்தும் அளவுகள் இவ்விரண்டு மட்டுமே. உலகின் மிகத் துல்லியமான கைகள் ஏந்துவது, விற்பனையில் உள்ள சிறிய அளவுகளில் சேரும் இந்த இரண்டைத்தான். 9 மில்லிமீட்டர் அங்கே கிடையாது. இதைக் கேட்டதும் அக்காள் மகள் முகத்தில் வந்த ஏமாற்றம் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

ரேப்பிட் ஃபயரில் முன்பு இன்னும் சிறியதாகிய .22 ஷார்ட்டைச் சுட்டார்கள். ஐந்து இலக்குகள், இலக்குக்கு ஒரு குண்டு. கடைசிச் சுற்றில் ஐந்துக்கும் சேர்த்து 4 விநாடிகள். அந்த வேகத்தில் துப்பாக்கி எம்பாமல் இருப்பதே வெற்றி என்பதால், கிடைத்ததிலேயே மென்மையான தோட்டாவைத் தேடிப் போனார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு விதி மாறியது. எல்லோரும் லாங் ரைபிளுக்கு வந்தார்கள். வல்லவர்கள் தங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டபோது பெரியதை நோக்கிப் போகவில்லை, சிறியதை நோக்கித்தான் போனார்கள். புதியவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒலிம்பிக்கில் இல்லாத, ஆனால் உலகப் போட்டிகளில் உள்ள ஒரு பிரிவு 25 மீட்டர் சென்டர் ஃபயர். அங்கேதான் விதி உண்மையாகவே தேர்வுக்கு இடம் கொடுக்கிறது: 7.62 மில்லிமீட்டரிலிருந்து 9.65 மில்லிமீட்டர் வரை எதுவும் ஆகலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரிய கேலிபர், அதிகத் துல்லியமா?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பேனாவும் இருந்தால் நீங்களும் கூடவே போடுங்கள்.

25 மீட்டரில் நிதானமாகச் சுடும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு வட்டமும் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் விரிந்துகொண்டே போகும். பிஸ்டலின் மேல் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே விதி அனுமதிக்கும் அதிகபட்சத் தூரம் 220 மில்லிமீட்டர். இப்போது முன்குறி, பின்குறியின் பிளவுக்கு நடுவில் நிற்காமல் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று வையுங்கள். 220 மில்லிமீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால், 25,000 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 114 மில்லிமீட்டர். குண்டு ஆறாம் வட்டத்தில் போய் விழும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நான்கு புள்ளிகள் போய்விடுகின்றன.

மறுபக்கம் பாருங்கள். தரமான போட்டிப் பிஸ்டலை ஒரு பிடிகருவியில் இறுக்கிவைத்து, நல்ல .22 தோட்டாக்களைச் சுட்டால், 25 மீட்டரில் எல்லா ஓட்டைகளும் அந்த 50 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் மிகத் தாராளமாக அடங்கிவிடும். நல்ல .32-ம் அடங்கும், நல்ல .38-ம் அடங்கும். அதாவது இயந்திரம் எப்போதும் பத்தைத்தான் சுடுகிறது. ஒன்பதையும் ஆறையும் சுடுவது நம் கை. கேலிபரை மாற்றி இயந்திரத்தின் துல்லியத்தை மேம்படுத்தப் பார்ப்பது, நன்றாக எரிகிற விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டே இருப்பதைப் போன்றது. கையைக் கெடுக்காத கேலிபர் எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கையைக் கெடுப்பது பின்னுதைப்பு. குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் தள்ளப்படுகிறது. பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். எவ்வளவு தள்ளும் என்பதைக் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கிக் கணிக்கலாம். ஏர் பிஸ்டல் ரவை சுமார் அரை கிராம், வேகம் விநாடிக்கு 150 மீட்டர் அளவு. பெருக்கினால் 75. .22 குண்டு 2.6 கிராம், வேகம் சுமார் 330 மீட்டர். பெருக்கினால் 858. போட்டிக்கான .32 குண்டு சுமார் 6.4 கிராம், வேகம் 230 மீட்டர் அளவு: ஏறத்தாழ 1,470. சாதாரண 9 மில்லிமீட்டர் குண்டு 8 கிராம், வேகம் 350 மீட்டர்: 2,800. வெடிமருந்து வாயுவின் தள்ளலை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பெரிய தோட்டாக்களின் எண் இன்னும் கூடும். ஏர் பிஸ்டலின் உதையை ஒன்று என்று கொண்டால் .22 பதினொன்று, .32 இருபது, 9 மில்லிமீட்டர் முப்பத்தேழு.

உதை வரும்போது குண்டு குழலை விட்டுப் பெரும்பாலும் போய்விடுகிறது, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை அடுத்த குண்டைப் பற்றியது. உதையையும் வெடியொலியையும் உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை விரல் விசையை அழுத்தத் தொடங்கும்போதே, வரப்போகும் உதையைத் தடுக்க மணிக்கட்டு தானாகக் கீழே அழுத்துகிறது, கண் இமைக்கிறது. இவை எல்லாம் குண்டு கிளம்பும் முன் நடந்துவிடுகின்றன. மேலே பார்த்த ஒரு மில்லிமீட்டர் விலகல் பிறப்பது இப்படித்தான். நமக்குத் தெரியாமலேயே நடப்பதால், குற்றத்தைத் துப்பாக்கியின் மேலும் தோட்டாவின் மேலும் போடுகிறோம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஏர் பிஸ்டலில் இரண்டு ஆண்டுகள் பழகி, 60 குண்டுகளுக்கு 540 புள்ளிகளைத் தொட்டிருந்த சமயம். ஒரு நண்பரின் அழைப்பில் ஒரே மாலையில் 9 மில்லிமீட்டர் தோட்டாக்கள் நூற்றுக்கும் மேல் சுட்டேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஏர் பிஸ்டலை எடுத்தால் குண்டுகள் எல்லாம் கீழ்ப்பக்கம் சரிந்து விழுந்தன. 520-ஐக் கூடத் தாண்டவில்லை. குறியைத் திருகிப் பார்த்தேன், பிடியை மாற்றிப் பார்த்தேன். மணிக்கட்டு கீழே அழுத்துகிறது என்பதைப் பயிற்றுநர் கண்டுபிடித்துச் சொல்ல மூன்று வாரங்கள் ஆயின. அந்தப் பழக்கத்தை உடலிலிருந்து எடுக்க ஐந்து மாதங்கள் ஆயின. ஒரு மாலையில் கற்றுக்கொண்டதை மறக்க ஐந்து மாதங்கள். புதியவர்களை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள்

பதினாறு வயதானாலும் ஐம்பது வயதானாலும் முதல் ஆண்டு 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. “அது பொம்மை மாதிரி இருக்கிறது” என்பார்கள். 10 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நம் ஐந்து சென் நாணயத்தைவிடச் சிறியது. அதை ஒற்றைக் கையால், எந்தத் தாங்கலும் இல்லாமல் அடிக்க வேண்டும். பொம்மை விளையாட்டு இப்படி இருக்காது.

உதை இல்லாததால் செய்த பிழை அப்படியே கண்ணுக்குத் தெரியும். பெரிய துப்பாக்கியில் எம்பலும் ஓசையும் பிழையை மறைத்துவிடுகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. ரவை மெதுவாகப் போவதால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. விசையை அழுத்திய உடனே கையைத் தளர்த்தினால் ரவை இன்னும் உள்ளேயே இருக்கும், குறி கெட்டுவிடும். எனவே சுட்ட பிறகும் அப்படியே நிற்கும் பழக்கம் வந்துதான் ஆக வேண்டும். ஏர் பிஸ்டலில் அந்தப் பழக்கத்தைப் பெற்றவர் .22-க்குப் போனால் பாதித் தூரம் ஏற்கெனவே நடந்துவிட்டவர். விசையின் எடை மட்டும் மாறும்: ஏர் பிஸ்டலில் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டல்களில் குறைந்தது 1,000 கிராம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது பலருக்கு நினைவிருக்கும். அவர் சுட்டது 10 மீட்டர் ஏர் ரைபிள். அதுவும் இதே 4.5 மில்லிமீட்டர் ரவைதான்.

ரவை வாங்கும்போது தட்டையான தலை உள்ள போட்டி ரவையையே வாங்குங்கள். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக வெட்டும். கூர்முனை ரவை காகிதத்தைக் கிழிக்கும். புள்ளி எண்ணும்போது தகராறு. டப்பாவில் 4.49, 4.50 என்று தலையளவு போட்டிருப்பார்கள். தொடக்கத்தில் அந்த நுணுக்கத்துக்குள் போக வேண்டாம்.

.22 என்றாலும் எந்தத் தோட்டா?

.22-க்கு வந்த பிறகு கேலிபர் பற்றிய கேள்வி முடிந்துவிடுகிறது, தோட்டா பற்றிய கேள்வி தொடங்குகிறது. இங்கேதான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

கடையில் ‘ஹை வெலாசிட்டி’ என்று பளபளப்பான பெட்டிகள் இருக்கும். வேகம் கூடினால் நேராகப் போகும் என்று தோன்றும். உண்மை வேறு. ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து மறுபடி ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது காற்றில் அலைக்கழிகிறது. ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ வகைத் தோட்டாக்கள் ஒலியைவிட மெதுவாகவே கிளம்புவதால் இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் வெப்பமும் நமக்கு உதவுகிறது. 30 டிகிரியில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. குளிர்நாடுகளில் அதைவிடக் குறைவு. ஆக, 330 மீட்டர் வேகத் தோட்டாவுக்கு இங்கே இடைவெளி அதிகம். உண்மையைச் சொன்னால் 25 மீட்டர் தூரத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் ஹை வெலாசிட்டி தோட்டாவின் கூடுதல் உதை உடனே தெரியும். மென்மையான தோட்டாவுக்கென்றே வடிவமைத்த போட்டிப் பிஸ்டலின் பாகங்களையும் அது தேய்த்துவிடும். எனவே ஸ்டாண்டர்ட் போதும்.

இன்னொன்று. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டா, ஒரு பிஸ்டலில் அழகாக ஒன்றுகூடி விழும், இன்னொன்றில் சிதறும். ஏன் என்று சொல்ல முடிந்தாலும் எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, கையைத் தாங்கலில் வைத்துச் சுட்டுப் பார்த்து, நன்றாக விழுவதையும் சிக்காமல் ஓடுவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அதையே தொடர்ந்து வாங்க வேண்டும். விலை உயர்ந்த தோட்டாவில் மாதம் ஐம்பது சுடுவதைவிட, நடுத்தரமான ஒன்றில் முந்நூறு சுடுவதே புதியவரை முன்னேற்றும்.

.22 ரிம் ஃபயர் வகையைச் சேர்ந்தது. தீப்பற்றும் மருந்து உறையின் விளிம்பில் இருக்கும். ஊசி விளிம்பை அடிக்கும். அதனால் தோட்டா அமரும் அறை காலியாக இருக்க விசையை அழுத்திப் பழகினால் சில பிஸ்டல்களில் ஊசி அறையின் விளிம்பையே அடித்துச் சேதப்படுத்தும். போலித் தோட்டா போட்டே பழக வேண்டும். ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. நடுவில் ஊசி அடிக்கும் பெரிய தோட்டாக்களுக்குப் பெயர் சென்டர் ஃபயர்.

தேர்வு உண்மையிலேயே உள்ள இடம்

சென்டர் ஃபயர் போட்டி ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்பது என் கருத்து. போட்டி முறை பெண்களின் 25 மீட்டர் பிஸ்டலைப் போன்றதே: முதல் 30 குண்டுகள் நிதானமாக, ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் 5 நிமிடங்கள், அடுத்த 30 குண்டுகளுக்கு இலக்கு 3 விநாடிகள் மட்டும் தெரியும், 7 விநாடிகள் மறையும், ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 புள்ளிகள் எடுத்து அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். பிற்காலத்தில் மனு பாக்கருக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே.

7.62 முதல் 9.65 வரை இடைவெளி இருப்பதால் .32, 9 மில்லிமீட்டர், .38 எல்லாமே விதிக்குள் வருகின்றன. ஆனால் உயர்மட்டப் போட்டியில் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலோர் கையில் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டர். பெயர் நீளம், தோட்டா சாது. குண்டின் தலை முற்றிலும் தட்டையாக, உறையின் வாயோடு சமமாக அமுங்கியிருக்கும். காகிதத்தில் துளைக்கருவி போட்டது போல ஓட்டை விழும். உதை 9 மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. பார்டினி, வால்தர் போன்ற நிறுவனங்கள் ஒரே உருவமைப்பில் .22, .32 இரண்டையும் செய்வதால், பிடியும் விசையும் கைக்குப் பழகியபடியே இருக்கும்.

.38 ஸ்பெஷல் வாட்கட்டரும் மதிப்புக்குரியது. அதன் 9.6 கிராம் குண்டு .32-ஐவிட ஒன்றரை மடங்கு உதைக்கும், ஆனால் கனமான ரிவால்வரில் அந்த உதை ஒரு மெல்லிய தள்ளலாகவே உணரப்படும். 9 மில்லிமீட்டருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது அதன் தோட்டா எங்கும் கிடைக்கும் என்பதே. காவல்துறையிலும் படையிலும் இருப்பவர்களுக்குக் கைக்குப் பழகிய துப்பாக்கி அது என்பதும் உண்மை. மற்றவர்கள் அதைக் குறிசுடுதலுக்கு விரும்பி எடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பெரிய ஓட்டை கோட்டைத் தொட்டுவிடும், அதனால் புள்ளி கூடும் என்று ஒரு வாதம் வரும். சில போட்டிகளில் அதற்கு இடம் உண்டு. அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டியில் .22, சென்டர் ஃபயர், .45 என்று மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு 900 புள்ளிகள், மொத்தம் 2,700. அங்கே .45-ன் அகன்ற ஓட்டை, .22 தொடாத கோட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முன்னதாகவே தொட்டுவிடும். ஆனால் சர்வதேச சென்டர் ஃபயர் போட்டியில், எந்தக் கேலிபரில் சுட்டாலும் ஓட்டையை அளக்கும் கருவி 9.65 மில்லிமீட்டர் ஒன்றுதான். .32-ல் சுட்டவரின் ஓட்டையும் 9.65 என்றே கணக்கில் எடுக்கப்படும். பெரிய குண்டுக்குச் சலுகை எதுவும் இல்லை.

பிறகு ஏன் அந்தக் காணொளிக்காரர் 9 மில்லிமீட்டர் என்றார்? அவர் பேசியது வேறு விளையாட்டைப் பற்றி. ஓடியும் திரும்பியும் வேகமாகச் சுடும் ஐபிஎஸ்சி என்ற செயல்முறைச் சுடுதல் நம் நாட்டிலும் நடக்கிறது. அங்கே தோட்டாவின் வலிமைக்கே விதி உண்டு. குண்டின் எடையை கிரெய்ன் என்ற எடை அலகிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130, தேறிவிடும். .22 தேறவே தேறாது. அந்த விளையாட்டுக்கு அவர் சொன்னது சரிதான்.

வாங்குவது பற்றி

இதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நான் கடைசியில் சொல்கிறேன். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். காவல்துறையின் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “காற்றுத் துப்பாக்கிதானே” என்று இணையத்தில் வரவழைத்தவர்கள் பெருந்துன்பத்தில் மாட்டுவார்கள். சங்கத்தில் சேருங்கள், சங்கத்தின் துப்பாக்கியில் பழகுங்கள். பெரும்பாலான புதியவர்களுக்கு முதல் ஆண்டில் சொந்தமாக எதுவும் தேவைப்படாது. காதுக்காப்பும் கண்ணாடியும் மட்டும் உங்களுடையதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ரவையும் .22 குண்டும் ஈயம். வெடித் தோட்டாக்களின் தீப்பற்று மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கையோடு சாப்பிடக் கூடாது. கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். சுடும்போது அணிந்த சட்டையைத் தனியாகத் துவைப்பது இன்னும் நல்லது.

அக்காள் மகள் இப்போது படிப்புக்காகக் கோலாலம்பூர் வந்துவிட்டாள். 2018 காமன்வெல்த் விளையாட்டில் 25 மீட்டர் பிஸ்டலில் நம் ஆலியா சசானா அசஹாரி வெண்கலம் வென்றதைச் சொன்னதிலிருந்து அவள் பேச்செல்லாம் .22 பற்றித்தான். ஏழு மாதங்கள் ஏர் பிஸ்டலில் பழகிய பிறகு, சென்ற மாதம் பயிற்றுநர் அவளுக்கு .22-ஐக் கையில் கொடுத்தார். அடுத்த கேலிபருக்கு ஒருவர் தயாரா என்பதை அறிய அவர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். ஐந்து தோட்டாக்களில் இரண்டு போலி. எவை என்று சுடுபவருக்குத் தெரியாது. போலித் தோட்டா வரும்போது உதையும் இல்லை, ஓசையும் இல்லை. குழலின் முனை அசையாமல் நின்றால் கை எதையும் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். கீழே குனிந்தால் உடல் உதைக்கு அஞ்சத் தொடங்கிவிட்டது.

முதல் போலியில் முனை நின்றது. இரண்டாவதில், ஒரு நெல்மணி அளவு, குனிந்தது. அவளும் பார்த்துவிட்டாள். பிஸ்டலை இறக்கி, அறையைக் காலி செய்து, அறை காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி மேசையில் வைத்தாள். “இன்னும் ஒரு மாதம் ஏர் பிஸ்டலிலேயே சுடுகிறேன், மாமா” என்று அவளாகவே சொன்னாள்.